பதினேழாம் நம்பர் செடி

நான்கு வருடமாகக் காத்திருந்த செடி போன மாதம் பூத்தது. வெள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வந்திருப்பதோ, பீட்ரூட் கழுவிய தண்ணீரில் பால் ஊற்றினாற்போல ஒரு மங்கல் ரோஸ்.

குன்னூரில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வெர்பினா பூச்செடிகள் இருந்தன. வெள்ளைக்கு வாசம் உண்டு, ஆனால் பனிமூட்டம் இறங்கினால் இலை முழுக்க வெள்ளைப் பொடியாகப் படியும் சாம்பல் நோய். பக்கத்திலேயே இருந்த சிவப்புக்கு வாசமில்லை, இலை மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான் ஆரம்பம்.

வெர்பினா பூ சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. கீழே மெல்லிய குழாய், அதற்குள்ளே ஒளிந்திருக்கும் நான்கு மகரந்தப் பைகள். அவை குழாயின் உட்சுவரிலேயே ஒட்டியிருப்பதுதான் நமக்குச் சௌகரியம். நாளை விரியப்போகும் மொட்டை ப்ளக்கரால் பிடித்து மெதுவாக மேலே இழுத்தால், இதழும் மகரந்தப் பையும் சேர்ந்தே வந்துவிடும். பச்சைப் புல்லிவட்டத்துக்குள் சூல்தண்டு மட்டும் நிற்கும். கை கொஞ்சம் நடுங்கினால் அதுவும் கையோடு வரும். மறுநாள் சிவப்பின் மகரந்தத்தை அதன் நுனியில் தடவ வேண்டும். "ஒரு பூவைப் பிய்க்க உனக்கு அரை மணி நேரமா?" என்பார் வீட்டுக்காரர்.

இத்தனைக்கும் ஒரு பூவுக்குக் கிடைப்பது அதிகபட்சம் நான்கு விதை.

நடுவில் ஒரு பேராசை. ஆளுயரம் வளரும் போனாரியென்சிஸ் என்ற வெர்பினா வகையையும் கலந்து பார்த்தேன். இருபது பூவுக்கு மேல் தடவியும் ஒரு விதைகூடப் பிடிக்கவில்லை. பிறகுதான் படித்தேன்: அதன் குரோமோசோம் கணக்கு ஏழின் மடங்கு, தொட்டி வெர்பினாவுக்கு ஐந்தின் மடங்கு. தொட்டி வகையைத் தாவரவியலார் கிளாண்டுலேரியா என்று தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். உண்ணிச்செடியும் பொடுதலையும்கூட இதே குடும்பம்தான். அதற்காகச் சம்பந்தம் பேச முடியுமா?

முதல் தலைமுறையில் பிழைத்தவை பதினொன்று, எல்லாம் சிவப்பு வகையறா. அழுகையே வந்தது. ஆனால் பாட்டி ஜாடை பேத்தியிடம் தலைகாட்டுவதில்லையா? அவற்றைத் தங்களுக்குள்ளேயே கலந்து அடுத்த விதை எடுத்தேன். அதிலும் அடைமழையில் பெயர்ச்சீட்டு மை கரைந்து ஒரு தட்டே அநாதையானது. இப்போதெல்லாம் பென்சிலால்தான் எழுதுகிறேன், மழைக்கு அழிவதில்லை.

இரண்டாம் தலைமுறையில் ஊதா, வெளிர் சிவப்பு, வெள்ளை எல்லாம் வந்தன. வெள்ளை மூன்றுக்கும் சாம்பல் நோய் பிடித்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு உரக்குழியில் போட்டேன். பதினேழாம் நம்பர் செடி மட்டும் நோயாளிச் செடிக்குப் பக்கத்திலேயே நின்று சுத்தமாக இருந்தது. சாயங்காலம் குனிந்து முகர்ந்தால் லேசான வாசம். நிறம் போகட்டும்.

இதன் விதையை நம்பிப் பயனில்லை, மறுபடி ஆளுக்கொரு நிறமாகப் பிரியும். குச்சி வெட்டி நட்டால்தான் அச்சு அசல் அதே செடி. ஆறு குச்சி நட்டு, ஆறும் வேர் பிடித்துவிட்டன. வேண்டுமென்றே வெயில் படாத மூலையில், சாம்பல் பூத்த பழைய வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நேற்று அதில் ஒன்றின் கீழ் இலையில் வெள்ளைப் புள்ளி. நெஞ்சு திக்கென்றது. விரலால் துடைத்துப் பார்த்தேன்: சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு.