1969 டாட்ஜ் சார்ஜரின் டாஷ்போர்டைக் கழற்றி மாட்டுதல்

டாஷ்போர்டில் கைவைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். ஏனெனில் ஸ்டார்ட்டருக்குச் செல்வது நீங்கலாக, பேட்டரிக்குப் போய்வரும் மின்னோட்டம் இக்காரில் டாஷ்போர்டிலுள்ள அம்மீட்டர் (மின்னோட்டத்தை அளக்கும் மீட்டர்) வழியாகவே பாய்கிறது. ஸ்டீயரிங் தண்டைக் கீழிறக்கி, ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவித்து, முன்கண்ணாடியின் அடியிலுள்ள திருகுகளை எடுத்த பின், இருபக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் முழுச் சட்டமும் அவற்றையே அச்சாகக் கொண்டு இருக்கையை நோக்கிச் சாயும். இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.

மீண்டும் மாட்டுமுன் அம்மீட்டரின் பின்புறத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்குள்ள நட்டு தளர்ந்திருந்தால் இணைப்பு சூடேறி, ஒயரின் மேலுறை மொரமொரப்பாகிவிடும். என் காரில் கருப்பு ஒயரின் உறை தொட்டதுமே உதிர்ந்தது. பெட்ரோல் மீட்டருக்கு மின்னழுத்தத்தை ஏறத்தாழ 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் கட்டுப்படுத்தியைச் சோதிக்கவும் இதுவே தக்க தருணம். மேல்திருகுகளை இறுக்கும் முன், சட்டத்தின் விளிம்பில் எந்த ஒயரும் நசுங்கவில்லை என்பதை விளக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.