ஈரலைத் தேடிப்போன இடது கை: ரிக்கி ஹாட்டன்

மதுரையில் குத்துச்சண்டை பழகுகிற பையன்களைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே ஒன்று தெரிந்துவிடும்: எல்லாருக்கும் எதிராளியின் முகம்தான் கண்ணில் படுகிறது. விலாப்பக்கம் இறங்கி அடிக்கப் பொறுமையே கிடையாது. முகத்தில் விழும் குத்துக்குத்தானே கைதட்டல், மொபைல் வீடியோ எல்லாம்! இந்தப் பழக்கத்தை மாற்ற ஒரே ஒருவருடைய பழைய சண்டைகளைப் போட்டுக் காட்டலாம் என்றால், என் ஓட்டு இங்கிலாந்துக் குத்துச்சண்டை வீரர் ரிக்கி ஹாட்டனுக்கு.

1978-ல் மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில் பிறந்து, பக்கத்து ஊரான ஹைடில் வளர்ந்தவர். 1997-ல் தொழில்முறைக்கு வந்தார். 48 சண்டை, 45 வெற்றி, அதில் 32 நாக் அவுட். 2025 செப்டம்பரில், 46 வயதில் காலமானார். ஆள் குட்டை, கையும் நீளமில்லை. எட்ட நின்று அடித்துப் புள்ளி சேர்க்கிற உடம்பு இல்லை என்பதால், எதிராளியின் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிக்கொண்டு அடிக்கிற வழியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வழி முழுசாகப் பலித்த இரவு 2005 ஜூன் 5, அப்போதைய சாம்பியன் கோஸ்ட்யா சூவுக்கு எதிராக. அமெரிக்க டிவி நேரத்துக்காக மான்செஸ்டரில் அதிகாலை இரண்டு மணி வாக்கில் சண்டை தொடங்கியது. சூவின் வலது கைதான் ஆபத்து. ஆனால் அது வேகம் பிடிக்க இடைவெளி வேண்டும். ஹாட்டன் அந்த இடைவெளியையே கொடுக்கவில்லை. உள்ளே புகுந்து, தோளால் சாய்ந்து, எடையை அவர் மேல் போட்டு, கைகளைக் கட்டிப்பிடித்து, ஒரு கை விடுபட்டதும் விலாவில் அடித்தார். பதினோராவது ரவுண்டு முடிந்ததும் சூவின் ஆட்களே போதும் என்று நிறுத்திவிட்டார்கள். 140 பவுண்டு, அதாவது 63.5 கிலோ பிரிவில் ஐபிஎஃப் (சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) பட்டம் ஹாட்டனுக்கு வந்தது. "இது குத்துச்சண்டையா மல்யுத்தமா" என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான், நடுவர் எவ்வளவு விடுகிறாரோ அவ்வளவுதான் இந்த முறை ஓடும்.

2007 ஜூனில் லாஸ் வேகாஸில் மெக்சிகோ வீரர் கஸ்டீயோவை நான்காவது ரவுண்டில் ஒரே இடது ஹுக்கில் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) உட்காரவைத்தாரே, பாடமாகப் பார்க்க வேண்டியது அதைத்தான். அடி விழுந்த இடம் ஈரல். வலது பக்கம், கடைசி விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. கறிக்கடையில் பார்த்திருப்பீர்களே, பெரிய, கனமான உறுப்பு. அதே உயரத்தில் இடது பக்கம் இருப்பது சுவரொட்டி, அதாவது மண்ணீரல். அங்கே அடித்தால் இப்படி ஆள் விழுவதில்லை. ஈரலின் மேலுறை திடீரென்று இழுபடும்போது நரம்பு வழியாக இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் சட்டென்று இறங்குகின்றன, மூச்சு பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அடி வாங்கியவர் ஒரு நொடி சும்மா நின்றுவிட்டுப் பிறகு மடிகிறார். மூளை தெளிவாக இருக்கும், கால் மட்டும் கேட்காது.

வலது கைப் பழக்கமுள்ள எதிராளிக்கு ஈரல் பக்கம் பின்னால் இருக்கும், முழங்கை அதை மூடியிருக்கும். அதனால் முதல் வேலை அந்த முழங்கையைத் தூக்க வைப்பது. முகத்துக்கு ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து), பின்னாலேயே ஒரு வலது. அல்லது ஹாட்டன் மாதிரி ஒரே இடது கையால் மேலே ஒரு ஹுக், உடனே கீழே ஒன்று. கார்டு (காப்பாக வைத்திருக்கும் கைகள்) ஏறும்போது உங்கள் இடது காலை அரை அடி முன்னால், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வையுங்கள். முழங்காலை மடக்கி இறங்கி, எடையை இடது காலில் ஏற்றுங்கள். பிறகு இடுப்பைத் திருப்புங்கள். கை அதோடு தானாக வரும். குத்து நேர்க்கிடையாகப் போகக்கூடாது. ஹுக்குக்கும் அப்பர்கட்டுக்கும் (கீழிருந்து நேர்மேலாக ஏறும் குத்து) நடுவில், கீழிருந்து சாய்வாக ஏற வேண்டும். வலது முஷ்டி கன்னத்தை விட்டு நகரக்கூடாது, தாடை இடது தோளுக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும்.

கெட்டுப்போகிற இடங்கள் எப்போதும் இவைதான். முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்தால் தலை முன்னால் தொங்கும். எதிராளியின் அப்பர்கட் நேராக வந்து முகத்தில் இறங்கும். அடிக்கும் முன் கையைப் பின்னால் இழுத்தால் எதிராளிக்குத் தந்தி கொடுத்த மாதிரி. தொப்புளுக்குக் கீழே போனால் ஃபவுல், சுற்றிப்போய் முதுகுப்பக்கம் சிறுநீரகத்தில் பட்டாலும் ஃபவுல். மணிக்கட்டு மடிந்த நிலையில் எதிராளியின் முழங்கை எலும்பில் பட்டால் போட்டியே உங்களுக்கு முடிந்துவிடும்.

நம்ம ஊரில் குத்திப் பழகத் தொங்கவிடும் பழைய பேக்குகளில் இன்னொரு சிக்கல். மணல் போட்டு நிரப்பியிருப்பார்கள். மணல் அடியில் இறங்கிக் கல்லாகிவிடும். விலா ஹுக் விழுவதும் அந்த உயரத்தில்தான். பையன்கள் விலாவில் அடிக்கத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கைவலி என்பது என் சந்தேகம். தையல் கடை வெட்டுத்துணியை இறுக்கித் திணியுங்கள். மாதம் ஒருமுறை கொட்டி மறுபடி அடையுங்கள். பேக் எடை ஆள் எடையில் பாதி இருந்தால் போதும். 60 கிலோ பையனுக்கு 30 கிலோ. உங்கள் கடைசி விலா உயரத்தில், பேக்கின் இடப்பக்கம் ஒரு டேப் ஒட்டி, அதைத் தவிர வேறெங்கும் அடிக்காமல் மூன்று நிமிஷ ரவுண்டு இரண்டு அடியுங்கள். ஸ்பாரிங்கில் (ஜோடி சேர்ந்து பழகும் சண்டையில்) 16 அவுன்ஸ் கிளவுஸ், பலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஈரலில் வாங்கியவருக்கு வயிற்றின் வலது மேல்பக்கம் வலி குறையாமல் இருந்தாலோ, வலது தோள் முனையில் வலித்தாலோ, முகம் வெளுத்தாலோ சோடா கொடுத்து உட்காரவைக்காதீர்கள். உள்ளே இரத்தம் கசியலாம், உடனே ஆஸ்பத்திரி.

ஹாட்டனுக்கு இடது கைக்காரர்கள் ஒத்துவரவில்லை. 2006-ல் ஒரு எடைப் பிரிவு மேலே ஏறி, இடது கைக்காரரான கொயாசோவை முதல் ரவுண்டிலேயே தள்ளினார். ஆனால் கடைசி ரவுண்டில் தடுமாறித்தான் புள்ளியில் ஜெயித்தார். 2009 மே மாதம் இன்னொரு இடது கைக்காரரான பாக்கியாவ் இரண்டாவது ரவுண்டிலேயே முடித்துவிட்டார். அதற்கு முன் 2007 டிசம்பரில், இடது கைக்காரர் அல்லாத மேவெதரிடமும் தோற்றார். அந்தச் சண்டையின் நடுவர் கட்டிப்பிடித்தால் சட்டென்று பிரித்துவிட்டார். சூவிடம் பலித்த முறை பாதி அங்கேயே போயிற்று. பத்தாவது ரவுண்டில் ஹாட்டன் நேர்கோட்டில் பாய, மேவெதர் விலகித் திரும்பிக்கொண்டே இடது ஹுக் விட்டார். ஹாட்டன் தலை மூலைக் கம்பத்துப் பஞ்சில் போய் இடித்தது. உள்ளே போகும்போது தலையை ஒவ்வொரு அடிக்கும் பக்கம் மாற்றாவிட்டால் இதுதான்.

இன்னொரு எதிராளி, எடை. சண்டை இல்லாத மாதங்களில் ஹாட்டன் குடித்து, சாப்பிட்டு ஊதிவிடுவார். 'ரிக்கி ஃபேட்டன்' என்ற கேலியே உண்டு. பிறகு முகாமில் அத்தனையையும் கரைக்க வேண்டும். மூன்றரை வருஷ இடைவெளிக்குப் பின் 2012 நவம்பரில் திரும்பி வந்து, உக்ரைன் வீரர் செஞ்சென்கோவிடம் ஒன்பதாவது ரவுண்டில் விழுந்தார். விழவைத்தது விலாவில் ஓர் இடது ஹுக்.

கிலோ கணக்கில் ஆள் எடுக்கிற கிராமத்துக் கபடியில் ஆடியவர்களுக்கு எடைக் கூத்து புதிதில்லை: சாப்பிடாமல், எச்சில் துப்பித் துப்பி, பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடுவது. தொழில்முறையில் முந்தின நாளே எடை எடுப்பதால் தண்ணீர் குடித்துத் தேற நேரம் உண்டு. நம்ம அமெச்சூர் போட்டிகளில் காலையில் எடை, அன்றைக்கே சண்டை. நீர் வற்றிய உடம்போடு முகத்தில் வாங்குவது ஆபத்து. சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் சட்டையோடு ஓடுவதும் அப்படித்தான். 65 கிலோ பையன் 60-க்கு இறங்க வாரம் அரைக் கிலோ வீதம் பத்து வாரம் வேண்டும். ராத்திரிப் பரோட்டாவும் கறி தோசையும் முதலில் நிற்க வேண்டும், தண்ணீர் நிற்கக்கூடாது. பத்து வாரம் கையில் இல்லையென்றால் மேல் எடைப் பிரிவில் பெயர் கொடுங்கள்.