கன்னியா வெந்நீரும் எரிமலையும்

திருகோணமலைக்கு வரும் உறவினர்கள் கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளிக் குளித்துவிட்டு, ஒன்றுக்கொன்று சூடு மாறுவதை வியந்து, அடியில் எரிமலை இருக்கிறதா என்று தவறாமல் கேட்பார்கள். இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை கூடும் நிலத்தடி வெப்பத்தால் சூடேறி, மீண்டும் மேலே வருகிறது, அவ்வளவுதான்.

எரிமலைக்குப் பாறையே உருக வேண்டும். பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள தடித்த படையான மூடகம் பெரும்பாலும் திண்மமானது என்பதைப் பலர் நம்புவதில்லை. சுமாத்திரா, ஜாவாத் தீவுகளுக்குக் கீழே கடற்றட்டு (கடலடியாக அமைந்த பெரும் பாறைத்தட்டு) அமிழும்போது, அது கொண்டுசெல்லும் நீர் மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் பாறைக்குழம்பு உண்டாகி, சுற்றியுள்ள பாறையைவிட இலேசானதாகையால் மேலெழுகிறது. மேலேற அழுத்தம் குறைய, அதில் கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும், மூடி திறந்த சோடாப் போத்தலில் போல, குமிழிகளாகப் பிரிகின்றன. ஹவாயில் உள்ளதுபோல் குழம்பு இளகியிருந்தால் வாயு எளிதில் வெளியேறும். மணலின் முக்கிய கூறான சிலிக்கா மிகுந்து பிசுபிசுத்தால், சிக்கிய வாயு குழம்பையே சாம்பலாகச் சிதறடிக்கும். 1883 ஆகஸ்ட் 27இல் சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள கிரக்கட்டோவா எரிமலை வெடித்த ஓசை, ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர் தொலைவில் இந்து சமுத்திரத்திலுள்ள றொட்றிக்ஸ் தீவு வரை கேட்டது.

இலங்கையோ தட்டின் விளிம்பில் இல்லை. மிகப் பழைய பாறைமீது அமர்ந்திருக்கிறது. ஆகவே உறவினர்கள் அஞ்சாமல் குளிக்கலாம்.