வன்னியில் இருந்து அட்வகேசி இன்டர்ன்ஷிப்: விண்ணப்பம் முதல் ஜெனீவா அறிக்கை வரை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள், இந்த அபிவிருத்தி, அட்வகேசி (மக்களின் கோரிக்கையை அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கொண்டுபோகும் வேலை), சிவில் சமூகம் என்று வரும் இன்டர்ன்ஷிப்புகளை எப்படி எடுப்பது, எங்களுக்கும் கிடைக்குமா என்று. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன். நான் சேர்ந்தது 2022இல், கொழும்பில் தலைமை அலுவலகமும் வடக்கில் சின்னக் கள அலுவலகமும் வைத்திருந்த ஓர் அமைப்பில். பெயர் வேண்டாம், இந்தத் துறையில் பாதி அமைப்புகள் ஏறத்தாழ இப்படித்தான் ஆள் எடுக்கின்றன.

முதலில் ஐ.நா. கனவைப் பற்றி. ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. விசா, விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நம் தலையில்தான். ஜெனீவாவில் சில மாதம் சொந்தக் காசில் இருக்க முடிந்தவர்களுக்கான வாய்ப்பு அது, விசுவமடுவில் வெங்காயம் போடும் வீட்டுப் பிள்ளைக்கானது அல்ல, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. யுனிசெப் போன்றவை உதவித்தொகை கொடுக்கின்றன, ஐ.நா. தொண்டர் திட்டத்தில் உள்நாட்டில் வேலை செய்பவர்களுக்கும் மாதாந்தப் படி உண்டு. ஆகவே விளம்பரத்தில் இலச்சினையைப் பார்க்க முதல் காசு விபரத்தைப் பாருங்கள். அது எழுதப்படாவிட்டால் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், கேட்டதற்காக யாரும் உங்களைக் கழித்துவிடப் போவதில்லை. கழித்தால் அது போகவேண்டிய இடமே இல்லை.

அடுத்தது சிவி. கம்பஸில் பழக்கும் சிவி இருக்கிறதே, ஓ.எல். பெறுபேறு, வலைப்பந்தாட்ட அணி, தலைமைத்துவ முகாம், அது இங்கே உதவாது. எனக்குக் கொழும்புப் பிள்ளைகள் போல மாதிரி ஐ.நா. மாநாட்டுச் சான்றிதழ் எதுவும் இல்லை. இருந்தது எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர் வேலை. கூட்டக் குறிப்பு எழுதுவது, பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கொண்டுபோவது, ஜி.எஸ். (கிராம சேவகர்) அலுவலகத்தில் காத்திருப்பது, பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வீட்டுத்திட்டப் பட்டியலைக் கேட்டு விண்ணப்பம் போட்டது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த வழியில் மேன்முறையீடு வரைக்கும் போன கதையை நான் நாலு வரியில் எழுதியிருந்தேன், நேர்முகத்தில் அவர்கள் கூடுதலாகக் கேட்டது அதைப் பற்றித்தான். வன்னியில் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவு என்று எதிலாவது பேனா பிடித்தவர் எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். அதைச் சமூகசேவை என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல் என்ன கேட்டீர்கள், யாரிடம் கேட்டீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

நற்சான்றுக்கு இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் விரிவுரையாளர், மற்றவராக எங்கள் சங்கத் தலைவி அக்காவைக் கொடுத்தேன். அவவுக்கு ஆங்கிலம் வராது என்று அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் அனுப்பினேன். அவர்கள் தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு போன் எடுத்திருக்கிறார்கள். அக்கா என்னைப் பற்றி நல்லாகச் சொன்னாவாம், சொல்லிவிட்டு மகனுக்கு ஏதும் வேலை இருக்கிறதா என்றும் கேட்டாவாம்.

எழுத்துப் பரீட்சை வீட்டில் இருந்து செய்வது. நீண்ட அறிக்கை ஒன்றைத் தந்து ஒரு பக்கத்தில் சுருக்கி, அதே விடயத்தை ஒரு தூதரக அதிகாரிக்கும் ஒரு கிராமக் கூட்டத்துக்கும் தனித்தனியாக எழுதச் சொன்னார்கள். தந்தது நுண்கடன் பற்றியது, அதாவது கம்பனிகள் ஊர்ப் பெண்களுக்குக் கொடுக்கும் சின்னச் சின்னக் கடன்கள். வெளிநாட்டுக் கடனும் மனித உரிமையும் தொடர்பான ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்து, நுண்கடனில் சிக்கிய பெண்களின் நிலையைப் பற்றியும் எழுதியிருந்தார், அதை நான் முன்பே ஓரளவு வாசித்திருந்தது உதவியது. அது மார்ச் கடைசி, 13 மணி நேர மின்வெட்டு வரைக்கும் போன காலம். கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து லப்டொப்பைச் சார்ஜ் ஏற்றி, இரவில் எழுதி அனுப்பினேன். சூம் நேர்முகத்துக்குப் பரந்தனில் சோலார் பூட்டியிருந்த சித்தி வீட்டுக்குப் போனேன்.

நேர்முகத்தில் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் சொல்கிறேன், இங்கே வேலை செய்யப் போகிறவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கவேண்டும். கூட்டம் முடிந்து வரும்போது சிவில் உடுப்பில் ஒருவர் மறித்து, வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்கிறார், என்ன செய்வீர்கள்? கொழும்பில் இருந்து பார்த்தால் இது கற்பனைக் கேள்வி. எங்களுக்கு அப்படி இல்லையே. என் பதில், அவருக்குக் கொடுக்கக்கூடிய பட்டியல் என் பையில் இருக்கக்கூடாது என்பது. நன்கொடையாளருக்கு வருகைக் கணக்கு வேண்டுமென்றால் தலையை எண்ணிக் காட்டலாம், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எதற்கு? சிலர் முகம் சுளித்தது திரையில் தெரிந்தது, ஆனாலும் எடுத்தார்கள். சேர்ந்த பிறகும் இதே விடயத்துக்காகக் கணக்குப் பிரிவோடு இழுபறிப்பட்டேன், அது தனிக்கதை.

வேலை தொடங்கியது பெற்றோல் வரிசைகள் நீண்டிருந்த நேரத்தில். பஸ் குறைவு, அதனால் ஏ-35 வீதியை ஒட்டிய ஊர்களுக்குத்தான் பெரும்பாலும் போகமுடிந்தது, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. வேலை என்னவென்றால் நுண்கடன் எடுத்த பெண்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதை ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கு அனுப்பும் அறிக்கையில் சேர்ப்பது. ஒவ்வொரு நாடும் சில வருடங்களுக்கு ஒருமுறை, தன் மனித உரிமை நிலையை மற்ற நாடுகள் பரிசீலிக்கும் இந்த மீளாய்வுக்குப் போகவேண்டும், இலங்கை 2008, 2012, 2017 என்று போய் நாலாவது முறை 2023 பெப்ரவரி 1ஆம் திகதி போனது. அதற்கான சிவில் சமூக அறிக்கைகள் அதற்கு முந்தைய வருடமே அனுப்பப்படவேண்டும்.

கூட்டம் எப்போது வைப்பது என்பதே ஒரு பெரிய விடயம். கடன் காசு சேர்க்கிறவர் வரும் நாளில் வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள், அல்லது எல்லோரும் வீட்டை விட்டு ஓடி இங்கேதான் வந்து இருப்பார்கள், பின்னாலேயே அவரும் வருவார். குழுக்கடன் என்றபடியால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும், ஆகவே ஒரே பாயில் இருப்பவர்களுக்குள்ளேயே கோபம். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து பெரும்போகம் விழுந்த பிறகு ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று போனவர்கள் நிறையப் பேர். நான் கேள்விக்கொத்தை மூடி வைத்துவிட்டு கட்டிய தவணைகளைப் பதியும் அவர்களின் கடன் அட்டைகளைப் பார்க்கத் தொடங்கினேன், கதை அதில்தான் இருந்தது. வட்டி எவ்வளவு என்று பலருக்குத் தெரியாது, கிழமைக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

இதை எல்லாம் கொண்டுபோய் அறிக்கையில் போட்டோமா? தனி அமைப்பு ஒன்று அனுப்பும் அறிக்கைக்கு 2,815 சொற்கள்தான் எல்லை, கூட்டறிக்கைக்கு 5,630. நாங்கள் கூட்டாகச் செய்தோம். காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், மீன்பிடி, மொழி என்று மற்ற அமைப்புகளின் பகுதிகளும் அதற்குள் இருக்க, நுண்கடனுக்குக் கிடைத்தது இரண்டு பந்தி. தமிழில் அனுப்ப முடியாது என்பதால் ஆங்கில வரைவை நானும் இன்னொரு பிள்ளையும் சேர்ந்து செய்தோம். அழுகிற கதை ஒன்றை மேலே வைக்கச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். நான் விடவில்லை. இந்த அறிக்கைகளை எல்லாம் ஐ.நா. அலுவலகம் பத்துப் பக்கத்துக்கு மேற்படாத ஒரே தொகுப்பாகச் சுருக்குகிறது, அதில் கண்ணீர் தங்காது, தெளிவான கோரிக்கைதான் தங்கும். எங்கள் கோரிக்கை இதுதான்: 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் எடுக்கும் கம்பனிகளைத்தான் அப்போது கட்டுப்படுத்தியது, கடன் மட்டும் கொடுக்கிறவர்களையும் அதற்குள் கொண்டுவரவேண்டும்.

இன்டர்ன்களிடம் யாரும் எதிர்பார்க்காத, ஆனால் நீங்களாகவே கேட்டு வாங்கவேண்டிய வேலை ஒன்று உண்டு. அறிக்கை போன பிறகு அதே ஊருக்குத் திரும்பப் போய் என்ன எழுதினோம் என்று தமிழில் வாசித்துக் காட்டுவது. அதற்குப் பயணச் செலவு தரமாட்டோம் என்றார்கள், வரவுசெலவில் அந்தத் தலைப்பே இல்லையாம். கேட்டுக்கேட்டு பஸ் காசு வாங்கினேன்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பந்தியையும் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "சரி பிள்ளை, ஜெனீவாவில கதைக்கட்டும், அடுத்த கிழமை வாறவனுக்கு நான் என்ன சொல்ல?" என்றா. நியாயமான கேள்வி. மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அனுமதிப்பத்திரம் பெற்ற நுண்நிதிக் கம்பனிகளின் பட்டியல் இருக்கிறது, அதைப் போனில் திறந்து ஆளாளுக்குக் கையில் இருந்த அட்டைகளோடு ஒப்பிட்டோம். பட்டியலில் இல்லாத பெயர்கள்தான் அதிகம். நீதிமன்றத்துக்குப் போகாமல் பிணக்கைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்த இரண்டு பேருக்கு, முதலும் வட்டியும் இதுவரை கட்டியதும் எழுத்தில் வராமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று சொல்லி, அந்தக் கணக்கைக் கேட்கும் கடிதத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.