பேஸ்டுக்குப் பதில் பிடிஎம்7950: ஃப்ரேம்வொர்க் 13 ஹீட்சிங்க் வேலை

ஒருவழியாக ஒட்டியாயிற்று. ஃப்ரேம்வொர்க் 13 லேப்டாப், ரைசன் 7 7840யூ சிப் உள்ள போர்டு. சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்கு (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) கடத்த நடுவில் தடவியிருந்த பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டு, சூட்டில் இளகும் ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட். நீண்ட நேரம் கம்பைல் (சிப்பைப் பிழியும் நிரல் தொகுப்பு) ஓடினாலும் சிப் இழுக்கும் வாட் சரியாமல் நிற்கிறது, ஃபேனும் முன்புபோல அலறுவதில்லை.

திறப்பதில் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் ஐந்து டி5 (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூ, டச்பேட் ரிப்பன், பேட்டரி கனெக்டர், ஃபேன் ஒயர். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களை மட்டும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். லேப்டாப் சிப்புக்கு மேல் உலோக மூடி கிடையாது, வெறும் டை (சிப்பின் சிலிக்கான் துண்டு). சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கி, நடு காய்ந்துபோகும். பிடிஎம் சுமார் 45 டிகிரியில் இளகிப் பரவி அங்கேயே நின்றுவிடும்.

ஷீட்டின் இரு பக்கமும் பாதுகாப்பு ஃபிலிம் இருக்கும்; உயிரை வாங்குவது மேல் ஃபிலிம்தான். ஷீட்டின் கனம் 0.25 மி.மீ, அறைச் சூட்டிலேயே களிமண் பதம். ஃபிலிமை இழுத்தால் ஷீட்டும் கூடவே வரும். கைகண்ட முறை இது: ஜிப் பையில் போட்டுக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, இரண்டு ஃபிலிமும் இருக்கும்போதே டையைவிட அரை மி.மீ பெரிதாக வெட்ட வேண்டும். ஐசோப்ரொப்பைலில் துடைத்துக் காய்ந்த டைமேல், ஒரு பக்க ஃபிலிமை உரித்து, ஓரத்திலிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஒட்ட வேண்டும். அடுத்த ஃபிலிமை உடனே உரித்தால் காரியம் கெட்டது. உறைந்த ஜெல் பொட்டலத்தைத் துணியில் சுற்றி மேலே ஒரு நிமிடம் வைத்து, மூலையில் செல்லோடேப் ஒட்டி, டைக்கு இணையாகத் தாழ்த்தி இழுத்தால் வந்துவிடும். மூலை பிய்ந்தாலும் பரவாயில்லை; அந்தத் துண்டை அதன் இடத்தில் வைத்தால் உருகும்போது சேர்ந்துகொள்ளும். ஈரம் படிந்திருந்தால் காயும்வரை ஹீட்சிங்கைத் தொடாதீர்கள்.

முதல் பூட்டில் டெம்பரேச்சர் பார்த்துவிட்டு ஷீட்டைத் திட்டுவதில் நியாயமில்லை. சில முறை லோடு கொடுத்துச் சூடாக்கி, அணைத்து ஆறவிட்டால்தான் மெல்லிய படலமாகப் படியும். அதன் பிறகும் டிகிரி ஏமாற்றும்: பூஸ்ட் ஆகும் (தானாக வேகம் கூட்டும்) சிப் இடம் கிடைத்தால் 100 வரை ஏறத்தான் பார்க்கும். அதே லோடில், பத்து நிமிடம் கழித்து டர்போஸ்டாட் என்ற லினக்ஸ் கருவியில் பேக்கேஜ் வாட் (சிப் மொத்தமாக இழுப்பது) எவ்வளவு என்பதே கணக்கு.

வாங்கும்போது ஜாக்கிரதை. ரப்பர்போல இழுபடுவது சாதா சிலிக்கான் பேட். இந்தப் பெயரிலேயே அதையும் தள்ளிவிடுகிறார்கள். அசல் சாம்பல் நிறம், நகம் பட்டாலே தடம் விழும்.

திறந்ததோடு இன்னொன்று: இந்த போர்டில், போர்ட் கார்டுகளைச் செருகும் ஸ்லாட்களில் பின்பக்கத்தவை இரண்டும் யுஎஸ்பி4 (வேகமான யுஎஸ்பி வகை). அங்கே யுஎஸ்பி-ஏ கார்டு செருகினால் சும்மா இருக்கும்போதே கூடுதல் மின்சாரம் குடிக்கும். முன்னுக்கு மாற்றியாயிற்று.

இன்னும் சில சூடு-ஆறல் சுற்று பாக்கி. அதற்குள் மனசு 2.8கே, 120 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே பக்கம் போய்விட்டது. மூலைகள் வளைந்திருப்பது கொஞ்சம் உறுத்துகிறது. பெசல் (திரையைச் சுற்றிய சட்டம்) காந்தத்தில் நிற்பதால் மாற்றுவது பத்து நிமிட வேலை. கூடவே இறுக்கமான 4 கிலோ ஹிஞ்சும் (திரைக் கீல்) போட்டுவிடலாம், மூடி ஆடுவது நிற்கும்.