கொடைக்கானல் போறவங்க பேரிஜத்தையும் பாத்துட்டு வாங்க

நம்ம மதுரக்காரங்களுக்கு லீவு விட்டாலே வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல்தான், ஆனா நெறைய பேரு டவுன் ஏரில படகு ஓட்டி, சோளம் தின்னுட்டு அப்படியே எறங்கிர்றாங்க, அதான் எனக்கு மனசே ஆறல. அந்த ஏரியும் அழகுதான், மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863ல உருவாக்கினது, சுத்தி சுமார் 5 கிலோமீட்டர் ரோடு, வாடகை சைக்கிள் எடுத்து காலைப்பனில ஒரு ரவுண்டு வந்தா அவ்ளோ நல்லாருக்கும்.

ஆனா பேரிஜம் ஏரி வேற மாதிரிங்க! டவுன்ல இருந்து 20 கிலோமீட்டருக்கு மேல, முழுக்க காடு, வனத்துறை பர்மிட் இல்லாம விடமாட்டாங்க, ஒரு நாளைக்கு இத்தன வண்டிதான்னு கணக்கு இருக்கு, அதனால காலைலயே போய் வாங்கிருங்க. போட்டிங் கெடையாது, கடையும் சத்தமும் கெடையாது, தண்ணியும் சோலையும்தான், எனக்கு அதுதான் புடிக்கும். வழில காட்டுமாடு நிக்கும், ஹாரன் அடிக்காதீங்க, எறங்கி செல்ஃபி எடுக்கவே எடுக்காதீங்க.

இன்னொன்னு, கீழ பெரியகுளத்துக்காரங்க குடிக்கிற தண்ணி இந்த ஏரித் தண்ணிதான், தயவுசெஞ்சு ஒரு மிட்டாய் கவரக்கூட போடாதீங்க. 2024 மே மாசத்துல இருந்து மலை ஏறவே இ-பாஸ் வேணும், கெளம்புறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துக்கங்க.