சடலம் என்று எழுத மனம் வரவில்லை

போன மாதம் முதல் உலகப் போரைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். 1917, பெல்ஜியம், பாஸ்ஷெண்டேல் சண்டை. மழையும் பீரங்கிக் குண்டும் சேர்ந்து நிலத்தையே சேறாக்கிய இடம். காயம்பட்டவர்கள் அந்தச் சேற்றில் மூழ்கியே செத்தார்கள். படத்தின் நடுவில் ஒரு தாயின் கடிதம் வரும். மகன் இறந்த செய்தி வந்து பல வாரம் ஆகிவிட்டது. இப்போதுதான் உடல் கிடைத்திருக்கிறது என்று தன் அக்காவுக்கு எழுதுகிறாள்.

நான் ‘உடல்’ என்றுதான் எழுதி அனுப்பினேன். திரும்பி வந்த கோப்பில் சரிபார்ப்பவர்கள் அதைச் ‘சடலம்’ என்று மாற்றியிருந்தார்கள். அவர்களுடைய சொற்பட்டியலில் அப்படித்தான் இருக்கிறதாம். யார் பேசினாலும், யாரைப் பற்றிப் பேசினாலும் அந்த ஒரே சொல்தான்.

பெற்றவள் தன் பிள்ளையைச் சடலம் என்பாளா? அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இத்தனைக்கும் இந்தப் படத்தில் படைப்பிரிவுகளின் பெயர்கள்தான் படுத்தும் என்று நினைத்து ஆரம்பித்தேன். அதற்காகவே மாமாவுக்குப் போன் போட்டேன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். “எழுதிக்கோ மாப்ளே” என்று வரிசையாகச் சொன்னார். செக்‌ஷனில் பத்துப் பேர். மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் பிளட்டூன். மூன்று பிளட்டூன் சேர்ந்து கம்பெனி, சுமார் நூற்றிருபது பேர். கம்பெனிகள் சேர்ந்து பட்டாலியன், அதில் எண்ணூறு பேர் வரை. அதற்கு மேல் பிரிகேட், டிவிஷன், கோர்.

ஆனால் அவர் வாயில் பட்டாலியன் என்ற சொல் வந்ததே இல்லை. ‘நம்ம பல்டன்’ என்பார். பிளட்டூன்தான் இந்தியில் பல்டன் ஆனது என்று சிலர் சொல்வார்கள், பட்டாலியன் என்பாரும் உண்டு. பிளட்டூன்தான் என்றால், முப்பது பேரைக் குறித்த சொல் நம் ராணுவத்தில் எண்ணூறு பேருக்கு உயர்ந்துவிட்டது. தமிழிலோ பட்டாலியன் பட்டாளம் ஆகி, எண்ணிக்கையையே உதறிவிட்டது. ‘பட்டாளத்துக்குப் போயிட்டான்’ என்றால் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான், அவ்வளவுதான். வீடு நிறையப் பிள்ளைகள் ஓடினாலும் பட்டாளம்தான். கணக்கில் கறாராக இருப்பது பாரதக் கதையின் படை அளவான நம் அக்குரோணி: 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். பாரதப் போரில் அப்படிப் பதினெட்டு.

கம்பெனி என்று எழுதினால் படிப்பவர்களுக்கு அலுவலகம் நினைவுக்கு வரும். ‘அணி’ என்றால் கிரிக்கெட். கடைசியில் பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன் மூன்றையும் அப்படியே விட்டுவிட்டேன். மாமாவும் அவர் கூட்டாளிகளும் தினமும் புழங்கிய சொற்கள் அவை. அகராதியைப் பார்த்து நான் புதிதாகக் கட்டும் சொல்லைவிட அவைதான் உயிரோடு இருக்கின்றன.

‘கோர்’ என்ற இடத்தில்தான் நின்றேன். ஆங்கிலத்தில் படைப்பிரிவைக் குறிக்கும் ‘கோர்’, பிணத்தைக் குறிக்கும் ‘கார்ப்ஸ்’ இரண்டுக்கும் வேர் ஒன்றே. ‘கார்ப்பஸ்’, அதாவது உடல் என்ற லத்தீன் சொல். ஆங்கிலத்தில் எழுதினால் (corps, corpse) ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து ஓர் உடலாக்கினால் அது படை. அதிலிருந்து ஒருவன் விழுந்தால் மிச்சம் இருப்பதற்கும் அதே வேரில் பெயர். தமிழில் இப்படி ஏதாவது உண்டா என்று தேடியபோது 761ஆம் குறள் கிடைத்தது. படைமாட்சி அதிகாரத்தின் முதல் குறள்: “உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை”. படையின் பிரிவுகளை வள்ளுவர் உறுப்பு என்கிறார். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கும்தான் அவை என்பது உரை. அடுத்த சொல்லே ஊறு, காயம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்த குறள்தான். அதில் ரத்தமும் சதையுமாக ஓர் உடம்பு நிற்பதை நான் கவனித்ததே இல்லை.

சரி, சடலத்துக்கு வருகிறேன்.

அந்தச் சொல்மேல் எனக்குக் கோபம் இல்லை. சித்தர் பாடல்களில் அது உயிரோடிருக்கும் உடம்புக்கும் வரும். செய்தித்தாளும் காவல்துறையும் எடுத்துக்கொண்டு, ‘அடையாளம் தெரியாத ஆண் சடலம்’ என்று எழுதி எழுதி அதை இறுக்கிவிட்டன. பிரேதம் என்பதன் நேர்ப்பொருள் ‘போய்விட்டவர்’. எவ்வளவு மரியாதையான சொல்! பிரேதப் பரிசோதனை என்ற படிவத்தில் மாட்டிக்கொண்டு அதுவும் குளிர்ந்துவிட்டது. சவம் தெற்கே வசைச்சொல்லாகி, ‘சவத்தை விடு’ என்று எதற்கெடுத்தாலும் வருகிறது. ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் ‘பாடி’ என்கிறார்கள். அயல்சொல் என்பதால் அது நெஞ்சில் தைப்பதில்லை, அதனால்தான் சொல்ல முடிகிறது என்று நினைக்கிறேன். தலைவர்கள் இறந்தால் பூதவுடல். ராணுவ மரியாதையின்போது இந்தியில் சொல்லும் ‘பார்த்திவ் ஷரீர்’ என்பதும் ஏறக்குறைய இதேதான், மண்ணாலான உடல். ஈழத்தில் புலிகள் தங்கள் தரப்பில் இறந்தவர்களின் உடலை வித்துடல் என்றார்கள். புதைத்தோம் என்று சொல்லாமல் விதைத்தோம் என்றார்கள்.

‘போரில் கொல்லப்பட்டார்’ என்பதற்கு நடுகற்களில் ஒற்றைச் சொல் ஒன்று இருக்கிறது: ‘பட்டான்’. ஆநிரை மீட்டுப் பட்டான், இன்னாருடன் பொருது பட்டான். நான்கே எழுத்து, சப்டைட்டிலுக்கு அளவெடுத்தது போல. மனிதனுக்கு அந்தச் சொல்லை விட்டுவிட்டோம், மரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறோம். ‘வேப்பமரம் பட்டுப்போச்சு’ என்கிறோம் அல்லவா, அதே படுதல்தான். படத்தில் ஓர் இடத்திலாவது போட ஆசைப்பட்டேன். இரண்டு நொடியில் ஓடிவிடும் வரியில் யாருக்கும் புரியாது என்று எடுத்துவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமாவிடம் இந்தச் சடலக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பனிமலையில் காவலுக்கு இருந்தபோது கூட இருந்த ஒருவர் பனிச்சரிவில் போனதைச் சொன்னார். நான் பிறந்ததிலிருந்து அவரைத் தெரியும். இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

“மூணாவது நாள்தான் அவனைப் பார்த்தோம். கையுறையில பெயரை நூலால தைச்சு வச்சிருந்தான். தோள்ல மாத்தி மாத்திச் சுமந்து அவனைக் கீழே இறக்கினோம் மாப்ளே. வழியெல்லாம் அவன்கிட்ட பேசிக்கிட்டே வந்தோம்.”

பேச்சு முழுக்க ‘அவன்’, ‘அவனை’. உடல் என்றுகூட ஒருமுறை சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். “அது ஆபீசர் எழுதுறது” என்றார்.

திருமூலர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: “பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு.” ஊரே கூடி அழுத கையோடு முதலில் செய்யும் காரியம் பெயரை எடுத்துவிடுவது. எங்கள் படத்தின் கடைசிக் காட்சி பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் உள்ள மெனின் வாயில். அந்த நினைவு வளைவின் சுவர்களில் 54,000-க்கு மேற்பட்ட பெயர்கள் செதுக்கியிருக்கிறார்கள். இன்ன இடம் என்று தெரிந்த கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் அவை. மாமாவின் கூட்டாளிக்குப் பெயர் கையுறையில் இருந்தது. இவர்களுக்குப் பெயர் மட்டுமே இருக்கிறது. கடிதம் எழுதிய அந்தத் தாய்க்குப் பெயர், உடல் இரண்டும் கிடைத்திருக்கின்றன. அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த ஒரு வரி சொல்லியாக வேண்டும்.

சாவு வீட்டுக்குப் போன் செய்தால் நாம் என்ன கேட்போம்? “எப்ப எடுக்கறாங்க?” யாரை, எதை என்று சொல்வதே இல்லை. அந்த வினைக்குள்ளேயே இறந்தவர் இருக்கிறார். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். கோப்பைத் திறந்து சடலத்தை அழித்தேன். உடலையும் திரும்பப் போடவில்லை.

“என் பிள்ளையைச் சேத்துலேர்ந்து எடுத்துட்டாங்களாம் அக்கா.”

சரிபார்ப்பவரிடமிருந்து மாலையில் ஒரு குறிப்பு வந்தது: மூலத்தில் ‘உடல்’ என்ற சொல் இருக்கிறது, தமிழில் விடுபட்டிருக்கிறது, கவனிக்கவும். கவனித்துத்தான் விட்டேன் என்று பதில் எழுதி, அந்த வரியைச் சத்தமாக ஒருமுறை படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். மறுநாள் கோப்பு வந்தது. வேறு நான்கு இடங்களில் திருத்தம் இருந்தது. அந்த வரியில் கைவைக்கவில்லை.